மரப்பட்டறையில் தூசி பிடிப்பது: இயந்திரத்தின் வாயிலிருந்து பில்டர் வரை முழுமையான வழிகாட்டி

டேபிள் சாவில், அதாவது மேசையின் நடுவே வட்ட பிளேடு எட்டிப் பார்க்கும் ரம்பத்தில், ஒரு எம்டிஎஃப் பலகையை (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நீளவாக்கில் அறுத்து முடியுங்கள். பிளேடு முழுசாக நின்ற பிறகு பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு டார்ச்சை உங்களைப் பார்க்க வையுங்கள். பல்பு நேராகக் கண்ணில் அடிக்காதபடி ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, அதன் ஒளிக்கற்றையை மட்டும் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் "தூசியெல்லாம் உள்ளேதானே போகிறது" என்று தோன்றிய அதே இயந்திரத்தின் மேல், பால் கலந்த தண்ணீர் மாதிரி காற்று மிதந்துகொண்டிருக்கும். விளக்கை அணைப்பது அறுத்து முடித்த பிறகுதான். இருட்டில் யாரும் அறுக்க வேண்டாம்.

இந்தச் சோதனையை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு முறை செய்து, தூசி எந்த இடத்திலிருந்து தப்புகிறது என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள். இனி வரும் வேலைக்கெல்லாம் அதுதான் வரைபடம். தூசி அடங்கவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் செய்வது, இன்னும் பெரிய மோட்டார் உள்ள கலெக்டர், அதாவது தூசியை ஃபேனால் உறிஞ்சிப் பிடிக்கும் இயந்திரம், வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். சத்தம் கூடியது. தூசி அங்கேயே இருந்தது. கோளாறு பெரும்பாலும் இயந்திரத்தின் வாயிலும் அதற்கு அடுத்த இரண்டு மீட்டர் ஹோஸிலும் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியும் இயந்திரத்தில் தொடங்கித்தான் கலெக்டருக்குப் போகும்.

எந்தத் தூசிக்காக இவ்வளவு பாடு

தரையில் குவியும் சீவலும் சுருளும் துடைப்ப வேலைதான் தரும். நெஞ்சுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாதது. 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) கீழே உள்ள துகள் தொண்டையைத் தாண்டிவிடும், அதைவிடச் சிறியது நுரையீரலின் அடி வரை போகும். மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். 10 மைக்ரான் துகள் ஆளுயரத்திலிருந்து சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும். 1 மைக்ரான் துகளோ அசையாத காற்றிலேகூட இறங்க ஏறக்குறைய 12 மணி நேரம் எடுக்கும். காலையில் அறுத்த தூசியை மாலையில் பாலிஷ் போடும்போது மூச்சில் இழுக்கிறோம்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை முதல் பிரிவில், அதாவது மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களோடு சேர்த்தது. மூக்கின் உட்பகுதியும் அதைச் சுற்றிய சைனஸும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படும் இடங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வன்மரத் தூசிக்கு 8 மணி நேர வேலையின் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். அது எவ்வளவு சொற்பம் என்று தெரிய, ஒரு சிட்டிகை மரத்தூளைச் சமையல் தராசில் போட்டுப் பாருங்கள். முள்ளே அசையாது.

முதலில் கொஞ்சம் காற்றுக் கணக்கு

தூசியைப் பிடிப்பது காற்று. இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகை அல்ல. இங்கே இரண்டு விஷயங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்: எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்பது ஒன்று, நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை நகர்த்துகிறது என்பது இன்னொன்று.

பட்டறை வேக்யூம் கிளீனர் பலமாக உறிஞ்சும், ஆனால் காற்று குறைவு. நிமிடத்துக்கு 100 முதல் 150 கன அடி, அதாவது சிஎஃப்எம், அவ்வளவுதான். கை சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கும் கருவி), ரௌட்டர் (பள்ளம் வெட்டும் கருவி) மாதிரி சின்ன வாய் உள்ள கருவிகளுக்கு அது பொருத்தம். டஸ்ட் கலெக்டர் நேர் எதிர்: உறிஞ்சும் விசை குறைவு, காற்றோ நூற்றுக்கணக்கான சிஎஃப்எம். பிளேனர் (இழைக்கும் இயந்திரம்), டேபிள் சா, பேண்ட் சா (பட்டை பிளேடு ஓடும் ரம்பம்) எல்லாம் இதன் ஆட்கள். கலெக்டரின் வாயில் 2½ அங்குல ஹோஸை மாட்டினால் இரண்டும் கெட்டுவிடும்.

குழாய்க்குள் தூள் படியாமல் ஓட, காற்று நிமிடத்துக்கு 4000 அடி வேகத்தில் போக வேண்டும் என்பது கிளைக் குழாய்களுக்கான பழைய கைக்கணக்கு. பெரிய பிரதான குழாயில் 3500 போதும். அந்த 4000 அடி வேகத்தில் எந்தக் குழாய் எவ்வளவு காற்று கொண்டுபோகும் என்று பாருங்கள்:

2½ அங்குலம்: சுமார் 135 சிஎஃப்எம்
4 அங்குலம்: சுமார் 350
5 அங்குலம்: சுமார் 545
6 அங்குலம்: சுமார் 785

பெட்டியின் மேல் 1200 சிஎஃப்எம் என்று போட்டிருந்தாலும் 4 அங்குலக் குழாய் வழியாக அது கிட்டவே வராது. அந்த எண் பெரும்பாலும் குழாயும் பில்டரும் இல்லாமல் வெறும் ஃபேனை ஓட்டி எடுத்தது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள், என் பட்டறையை மாற்றியது இதுதான். குழாய் வாயிலிருந்து அதன் விட்டம் அளவுக்குத் தள்ளிப் போனாலே காற்றின் வேகம் வாயில் இருப்பதில் 7 சதவீதமாக இறங்கிவிடும். 4 அங்குலக் குழாய் வாயில் 4000 அடி வேகம் என்றால், 4 அங்குலம் தள்ளி 300-க்கும் கீழே. அது மனிதர் நடக்கும் வேகம். நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் 10 அங்குல பிளேடின் பல்லோ மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் தூளை வீசுகிறது. நடந்துபோய்க் காரைப் பிடிக்கிற கதை. ஆகவே வீசப்பட்ட பிறகு துரத்தாமல், தூள் போகிற பாதையிலேயே வாயைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். குழாய் வாயைச் சுற்றி ஒரு அகலமான விளிம்புத் தகடு வைத்தால் அதே பிடிப்புக்குக் கால்வாசி காற்று குறைவாகப் போதும். பின்பக்கத்திலிருந்து வரும் வீண் காற்றை அது தடுக்கிறது.

படி 1: டேபிள் சா

இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். இங்கே தூசி இரண்டு பக்கம் பிரிகிறது. மேசைக்குக் கீழே பெட்டிக்குள் விழுவது ஒரு பங்கு, பற்களோடு சுற்றி வந்து மேலே ஏறி, நிற்பவர் நெஞ்சைப் பார்த்து வீசப்படுவது இன்னொரு பங்கு. கீழே மட்டும் குழாய் வைத்திருப்பவர்கள் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

கீழ்ப்பகுதியில் முதலில் ஓட்டைகளைத் தேடுங்கள். மேசைக்கும் இயந்திரத்தின் உடம்புக்கும் இடையே உள்ள சந்து, பிளேடைச் சாய்க்கும் சக்கரம் ஓடும் வளைந்த பிளவு, மோட்டார் மூடியின் விளிம்பு, அடிப்பாகம். மேசைச் சந்தை ஃபோம் பட்டையால் அடைக்கலாம். வளைந்த பிளவுக்கு ஒரு காந்தத் தகடு போதும், பிளேடைச் சாய்க்கும்போது கழற்றிவிட்டு மாட்டலாம்.

அதே சமயம் முழுக்க அடைத்துவிடவும் கூடாது. உள்ளே வர வழியில்லாத காற்று வெளியேயும் போகாது. வெளியேறும் குழாயின் பரப்பு எவ்வளவோ கிட்டத்தட்ட அதே பரப்புக்கு நுழைவழி வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு ஏறக்குறைய 12½ சதுர அங்குலம். அந்த நுழைவழி எங்கே இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். குழாய் பின்பக்கம் என்றால், காற்று முன்பக்கத்திலிருந்து வந்து பிளேடைத் தடவிக்கொண்டு போகும்படி இருக்க வேண்டும். குழாய்க்குப் பக்கத்திலேயே ஓட்டை இருந்தால் காற்று குறுக்குவழியில் போய்விடும், பெட்டியின் மூலைகளில் தூள் மலை மாதிரி குவியும்.

பிளேடைச் சுற்றி உள்ளே ஒரு மூடி இருந்து, அதிலிருந்தே ஹோஸ் வெளியே வந்தால் இன்னும் நல்லது. உங்கள் இயந்திரத்தில் அது இல்லையென்றால் மெல்லிய ஒட்டுப்பலகையால் செய்யலாம். பிளேடு முழுதாக ஏறி இறங்கவும், 45 டிகிரி சாயவும் இடம் இருக்கிறதா என்று மின் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே திருகு முடுக்குங்கள்.

இடைவெளியே இல்லாத மேசைச் செருகி, அதாவது ஜீரோ கிளியரன்ஸ் இன்சர்ட், வெட்டைச் சுத்தமாக்கும். தூசிக்கு அது எதிரி. பிளேடோரம் காற்று இறங்க வழியில்லாததால் பல்லில் ஒட்டிய தூள் கீழே உதிராமல் மேலே வந்துவிடுகிறது. பிளேடின் பக்கவாட்டில் ஒரு வரிசை சின்னத் துளைகள் போட்டுவிட்டால் வெட்டின் தரமும் கெடாது, காற்றும் இறங்கும்.

மேல் பங்குக்கு, பிளேடை மூடும் கார்டின் மேல் ஒரு வாய் வைத்து வேக்யூமோடு இணையுங்கள். பலகையின் நடுவே அறுக்கும்போது இது இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். விளிம்பில் 2 மில்லிமீட்டர் சீவும்போது பிளேடின் ஒரு பக்கம் வெளியே தெரிகிறது, அப்போது மேலே வாய் இல்லாவிட்டால் முகம் முழுக்க மா பூசின மாதிரி ஆகும்.

மேலும் கீழும் ஒரே கலெக்டரிலிருந்து கொடுக்கலாம். 6 அங்குலக் குழாயின் பரப்பு 28 சதுர அங்குலம். அதை இரண்டு 4 அங்குலமாகப் பிரித்தால் 25, கிட்டத்தட்ட சரியாக இருக்கும். 4 அங்குலப் பிரதான குழாயை இரண்டாகப் பிரித்தால் இரண்டுக்கும் காற்று போதாது.

படி 2: மற்ற இயந்திரங்கள்

பேண்ட் சாவில் வாய் பெரும்பாலும் கீழ்க் கதவின் அடியில் இருக்கும். தூள் பிறப்பதோ மேசைக்கு நேர் கீழே, பிளேடு இறங்கும் இடத்தில். கீழ் வழிகாட்டிக்குப் பக்கத்தில் மேசையின் அடியிலேயே இன்னொரு வாய் வைத்தால் கீழ்ச் சக்கரத்தின் ரப்பரில் தூள் அப்பிக்கொள்வதும் குறையும்.

பிளேனரும், விளிம்பை நேராக்கும் ஜாயின்டரும் பிரச்சினை தராதவை, காற்று மட்டும் போதுமான அளவு வேண்டும். காற்று குறைந்தால் சீவல் உருளைக்கும் மரத்துக்கும் நடுவே சிக்கி, இழைத்த பரப்பில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்துப் பலர் தீட்டப் போகிறார்கள். முதலில் ஹோஸைப் பாருங்கள்.

மைட்டர் சா, அதாவது கோணம் வைத்துக் குறுக்கே அறுக்கும் ரம்பம், அடங்காத பிள்ளை. தூள் பின்னால் விசிறி மாதிரி விரிகிறது, கோணம் மாற மாற திசையும் மாறுகிறது. அதன் சொந்த வாய்க்கு வேக்யூம் கொடுத்து, பின்னால் இரண்டு பக்கமும் அடைத்த ஒரு பெரிய கூண்டு கட்டி அதன் அடியில் கலெக்டர் குழாயை வைத்தால் ஓரளவு அடங்கும். முழுசாக அடக்கினேன் என்று சொல்பவரிடம் டார்ச்சைக் கொடுத்துப் பாருங்கள்.

ரௌட்டர் மேசைக்கு, பலகையை அணைத்துத் தள்ளும் வேலியில் ஒரு வாய், கீழே ரௌட்டரைச் சுற்றிய பெட்டியில் ஒரு வாய். பள்ளம் வெட்டும்போது தூள் முழுக்கக் கீழேதான் போகும். பெட்டியில் காற்று நுழைய ஓட்டை விட மறந்தால் தூளும் நகராது, மோட்டாரும் சூடாகும்.

கை சாண்டரில் பார்க்க வேண்டியது எளிது: தாளின் துளையும் அடித்தட்டின் துளையும் நேராக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வேக்யூமின் உறிஞ்சுதலை முழுசாக வைத்தால் சாண்டர் மரத்தோடு ஒட்டிக்கொண்டு வட்டக் கீறல் விழும். கொஞ்சம் குறைத்து வையுங்கள். லேத்தில் சுருள் சீவல் எங்கே விழுந்தாலும் விழட்டும். உப்புத்தாள் போடும்போது மட்டும் ஓர் அகலமான வாயை வேலைப் பொருளுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

படி 3: குழாய்

ஒரே அளவு காற்றை அனுப்பும்போது, குழாயின் விட்டம் குறையக் குறைய அழுத்த இழப்பு ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. 6 அங்குலத்தை 4 ஆக்கினால் ஏழரை மடங்கு. நெளி ஹோஸ், அதே நீள வழவழப்பான குழாயைப் போல இரண்டு மூன்று மடங்கு இழப்பு தரும். ஆகவே ஹோஸ் இயந்திரம் நகர எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். சுவரில் சுருட்டி மாட்டிய உபரி ஹோஸைக் கத்தியால் வெட்டிவிடுங்கள், மனம் வராதுதான்.

பெரிய குழாய் எப்போதும் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 350 சிஎஃப்எம் மட்டுமே தரும் கலெக்டருக்கு 6 அங்குலக் குழாய் போட்டால் வேகம் 1800-க்குக் கீழே இறங்கி, படுத்த குழாயில் தூள் படியும், நிமிர்ந்த குழாயில் ஏறவே ஏறாது. ஃபேன் எவ்வளவு தரும் என்பதைப் பார்த்துக் குழாய் எடுங்கள்.

கிளை பிரியும் இடத்தில் டி இணைப்பு வேண்டாம், 45 டிகிரி ஒய் போடுங்கள். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் இரண்டு 45, நடுவே ஒரு துண்டுக் குழாய். குழாயின் உள்முனை காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் நார் மாட்டி அடைப்பு அங்கிருந்துதான் தொடங்கும். இணைப்புகளுக்குப் பசை போடாமல் அலுமினியத் தகட்டு டேப் சுற்றுங்கள். இயந்திரத்தின் இடத்தை எப்படியும் ஒருநாள் மாற்றுவீர்கள். திருகு போட்டால் குட்டையாகப் போடுங்கள், உள்ளே நீட்டிய முனை சீவலுக்குக் கொக்கி.

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கேட், அதாவது காற்றை அடைக்கும் தகட்டுக் கதவு, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் திறந்திருக்கட்டும். எல்லாக் கேட்டையும் மூடினால் மோட்டார் எரிந்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. கலெக்டரில் இருக்கும் வகை ஃபேனில் காற்று குறையும்போது மோட்டாரின் சுமையும் குறையும், கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஆம்பியர் இறங்குவது தெரியும். வேக்யூம் கதை வேறு. சிலவற்றில் உறிஞ்சும் காற்றேதான் மோட்டாரைக் குளிரவைக்கும், அதை நெடுநேரம் அடைத்து வைக்காதீர்கள்.

கலெக்டரை மூலையில் ஒளித்து வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அதிகக் காற்று கேட்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டும்.

படி 4: சைக்ளோனும் டிரம்மும்

பில்டருக்கு முன்னால் சீவலைப் பிரித்துவிட்டால் பில்டர் அடைப்பதும் குறையும், ஃபேனில் கட்டை மோதுவதும் நிற்கும். காற்றைச் சுழற்றிக் கனமான தூளைக் கீழே டிரம்மில் விழவைக்கும் கூம்பு வடிவ சைக்ளோன் சிறந்தது. உயரம் போதாதவர்கள் டிரம்முக்கு மேல் தியன் பேஃபிள் எனும் தட்டை வைக்கிறார்கள்: வட்டப் பலகையின் ஓரத்தில் 240 டிகிரிக்கு 1⅛ அங்குலப் பிளவு, அதன் வழியாகத் தூள் கீழே விழும். இரண்டுக்கும் விலை காற்றழுத்தம்தான், கொஞ்சம் காற்று குறையும் என்று கணக்கில் வையுங்கள்.

என் சைக்ளோன் ஒரு காலத்தில் பாதித் தூளை பில்டருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. வடிவம் தப்பு என்று நினைத்து உள்குழாயை இரண்டு முறை வெட்டி மாற்றினேன். கடைசியில் டிரம் மூடியின் ஓரத்தில் ஒரு பட்டை டிஷ்யூ தாளைப் பிடித்தபோது அது உள்ளே இழுத்தது. டிரம்முக்குள் சின்னக் கசிவு இருந்தால்கூட அங்கிருந்து ஏறும் காற்று, கீழே விழுந்த தூளை மறுபடி தூக்கிக்கொண்டு போய்விடும். மூடிக்கு ஒரு ஃபோம் கேஸ்கெட் ஒட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. டிரம் நிரம்பி வழியும்போதும் இதே அறிகுறிதான் வரும், ஆகவே பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்துவிடுங்கள்.

படி 5: பில்டர்

மலிவான துணிப்பையில் 30 மைக்ரான் என்று எழுதியிருந்தால், அது நாம் பயப்பட வேண்டிய தூசியை அப்படியே அறைக்குள் தெளிக்கும் கருவி. பையை உதறியபின் முதல் சில நிமிடங்களில் டார்ச் போட்டுப் பாருங்கள். 1 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய மடிப்பு பில்டர் வாங்குவது நியாயமான செலவு. மடிப்பு அதிகமானதால் பரப்பு அதிகம், காற்றுக்குத் தடையும் குறைவு. ஹெபா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்று பொருள். சாண்டரோடு ஓடும் வேக்யூமுக்கு அது தகும்.

சுத்தம் செய்யும்போது வெளியிலிருந்து உள்ளே ஊதுங்கள், கம்ப்ரெஸரின் முனையைத் தாளுக்கு ஒட்டிப் பிடிக்காதீர்கள், கிழிந்துவிடும். இதை வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பில்டரே வேண்டாம், காற்றை வெளியே விட்டுவிடலாம் என்றால் அதுவும் நல்ல வழிதான். ஆனால் அதே அறையில் விறகோ எரிவாயுவோ எரியும் அடுப்பு, ஹீட்டர் இருந்தால் வேண்டாம். கலெக்டர் உண்டாக்கும் வெற்றிடம் புகைபோக்கி வழியாகக் கார்பன் மோனாக்சைடை உள்ளே இழுத்துவிடும்.

படி 6: தப்பியதற்கு

கூரையில் தொங்கும் காற்று வடிகட்டி, தப்பிய தூசிக்கு மட்டும். அது மூலத்தில் பிடிப்பதற்கு மாற்றாகாது. உங்கள் மூக்கைத் தாண்டித்தான் தூசி அங்கே போய்ச் சேருகிறது. வேலை முடிந்து நீங்கள் போன பிறகும் ஓடட்டும், டைமர் போடுங்கள். எம்டிஎஃப் வெட்டும்போதும் உப்புத்தாள் போடும்போதும் என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க் முகத்தோடு ஒட்டிப் போட வேண்டும். இயந்திரம் நின்றதும் கழற்றுவது நம் எல்லாருக்கும் உள்ள கெட்ட பழக்கம். பெருக்கி முடிக்கும் வரை இருக்கட்டும். பெருக்குவதையும்விட வேக்யூம் பிடிப்பது நல்லது.

தீ

பழைய மரத்தில் ஆணி தேடாமல் பிளேனரில் விடாதீர்கள். பொறி குழாய் வழியாக டிரம்முக்குப் போய், தூளுக்குள் மணிக்கணக்கில் கனன்று, நீங்கள் தூங்கிய பிறகு எரியும். அப்படிச் சந்தேகம் வந்தால் டிரம்மை அன்றே வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள். அதைத் தூள் டிரம்மில் போடவே கூடாது. இரும்பு அரைக்கும் கிரைண்டருக்கும் இந்தக் கலெக்டரைக் கொடுக்காதீர்கள்.

படி 7: அளந்து வையுங்கள்

ஒன்றரை மீட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் டியூப், கொஞ்சம் சாயம் கலந்த தண்ணீர், ஒரு பலகை. டியூபை 'யு' வடிவில் பலகையில் ஆணியடித்து, நடுவரை தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு ஸ்கேல் ஒட்டுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். இன்னொரு முனையைப் பிரதான குழாயில், கலெக்டருக்குச் சற்று முன்னால் போட்ட சின்னத் துளையில் செருகுங்கள். ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் கேட்டை மட்டும் திறந்து ஓட்டினால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டமும் விலகும். அந்த வித்தியாசத்தை, பில்டர் சுத்தமாக இருக்கும் நாளில் பென்சிலால் பலகையிலேயே குறித்துவிடுங்கள்.

பிறகு அதே கேட்டைத் திறந்து பார்க்கும்போது வித்தியாசம் கூடியிருந்தால், துளைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே எங்கேயோ அடைப்பு. குறைந்திருந்தால் பில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பை நிரம்பிவிட்டது, அல்லது துளைக்கு முந்தைய குழாயில் எங்கோ இணைப்பு கழன்றிருக்கிறது. இதை வேக்யூமில் மாட்டிப் பார்க்காதீர்கள். அதன் உறிஞ்சுதலுக்கு இரண்டு மீட்டர் உயரத் தண்ணீரும் போதாது, சாயத் தண்ணீர் முழுவதும் மோட்டாருக்குள் போய்விடும்.